மோட்டார் சைக்கிளில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி

பாளையங்கோட்டை,
1913-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி, திங்கட்கிழமை.

ரங்கூனில் இருக்கும் என் அன்பு மகன் ஞானசிகாமணிக்கு, உன் அப்பா ஜேசுதாசன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நம்மைக் காக்கிறவர் அந்தக் கடலுக்கு அப்பாலும் உன்னைக் காப்பாராக. போன மாதக் கடைசியில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது, ஆபீசில் நீ வரைந்த படங்களைத் துரை மெச்சினதையும், நீ குடியிருக்கும் வீட்டில் எலித்தொல்லை தீர்ந்ததையும் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இந்த இடத்தில் நான் வழக்கமாக, இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவேன். இந்தத் தடவை அந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து, தாளையே மாற்றிவிட்டேன். நான் சுகம். உன் அம்மாவைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. அதை உனக்கு எழுதக்கூடாது என்று அவள் கண்டித்துச் சொல்லியிருக்கிறாள், நான் எழுதப்போகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், படிப்படியாகப் போனால்தான் விடைக்கு வந்து சேருவேன், ஆகையால் பொறுமையாக வாசி, கடைசித் தாளை முதலில் புரட்டாதே. இன்றைக்கு, இந்த நிமிஷத்தில், பயப்படும்படி ஒன்றுமில்லை. அவள் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். மேலப்பாளையத்திலிருந்து துணி கொண்டுவரும் ஜமீலா பீவி பக்கத்தில் இருக்கிறாள், இரண்டு பேரும் யாரையோ பற்றிச் சிரித்துக்கொண்டிருப்பது இங்கே எனக்குக் கேட்கிறது.

முதலில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் மோட்டார் சைக்கிளை நான் பிரித்துவிட்டேன். பாலம் கட்ட வந்த இன்ஜினீயர் துரை சீமைக்குத் திரும்பும்போது அவரிடம் நீ வாங்கினாயே, ஆறு மாதம் ஓட்டிவிட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிறுத்திவிட்டுப் போனாயே, அதே வண்டிதான். நீ கப்பலேறப் புறப்பட்ட காலையில் அந்தச் சாக்கைக் காட்டி, உன் புத்தி போகிற போக்குக்கு இந்த இரும்பே சாட்சி என்று நான் சொன்னேன். நீ குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாய். இரண்டரை வருஷமாக உன் கடிதம் எதிலும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என் கடிதத்திலும் இல்லை. இப்போது உன்னைக் கேளாமல் அதன் கைப்பிடியை மாற்றியிருக்கிறேன், சட்டத்தில் மூன்று இடத்தில் துளை போட்டிருக்கிறேன், இடது பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கட்டியிருக்கிறேன். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும், ஒரு திருகாணி விடாமல், எண்ணெய்த் துணியில் சுற்றி, எது எங்கே இருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம், துளைகள் மட்டும் இருக்கும், அதற்கு நான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அறுபத்து மூன்று வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பாய். அம்மா ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்ததை உனக்கு அப்போதே எழுதினேன், இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்றும் எழுதினேன். கூடினது உண்மை. நான் எழுதாமல் விட்டது, கூடின பிறகும் அவளால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது அடிக்கு மேல் நடக்க முடியவில்லை என்பது. பதினாறு மாதம் அவள் தெருமுனை தாண்டவில்லை. இரண்டு தடவை மாட்டுவண்டியில் மெத்தை போட்டு அழைத்துப் போகப் பார்த்தேன், தெருமுனை திரும்புவதற்குள் குலுக்கலில் அவள் முகம் வெளுத்துவிட்டது, திருப்பிவிட்டோம். டோலியில் தூக்கிப் போகலாம் என்று சொன்னதற்கு, “நாலு பேர் தூக்கிட்டுப் போற நாள் தானா வரும், அன்னைக்குப் போயிக்கிடுதேன்” என்று முடித்துவிட்டாள். போன கிறிஸ்துமஸ் அன்று காலையில் கோவில் மணி அடித்தது. நான் மட்டும் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அவள் என் காலரைச் சரிபண்ணிவிட்டு, “மணிச்சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கது, அடுத்த வீட்டுக் குழம்பை மோந்துக்கிட்டே வெறுஞ்சோறு திங்க மாதிரி இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்குப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் மறுபடியும் அந்தக் கோவிலுக்குள் உட்கார வேண்டும், அதற்கு என்னால் ஒரு வழி செய்ய முடியுமா முடியாதா என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது, எதற்கும் எனக்கு முதலில் அப்படித்தானே தோன்றும்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் உன் அலமாரியைத் துடைக்கும்போது அந்த வண்டியோடு துரை கொடுத்த ஆங்கிலப் புத்தகம் கையில் அகப்பட்டது. சும்மா புரட்டினேன். நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் நீ பென்சிலால் ஒரு படம் போட்டிருக்கிறாய். வண்டிக்குப் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு நாற்காலி, அதன் கீழே ‘அம்மாவுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். அவள் விழுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே நீ அதை எழுதியிருக்க வேண்டும். நான் உன் புத்தியைப் பற்றிச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. மகனே, அதற்காக வருத்தப்படுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும், ஆகையால் இந்த வரியை நீ வெட்டி வைத்துக்கொண்டாலும் சரிதான்.

பிறகு அந்தப் புத்தகத்தை மூன்று தடவை வாசித்தேன், மூன்றாவது தடவை தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டே வாசித்தேன். பென்ஷனில் அடங்குகிற வேலையாக இருக்கவேண்டும், ஆகையால் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று முதலிலேயே தீர்மானம் செய்தேன். கொல்லன் பூதலிங்கத்தின் பட்டறையில் கிணற்றுக் குழாய் பழையது கிடந்தது, அதைக் காய்ச்சி வளைத்து நாற்காலிக்குச் சட்டம் ஆயிற்று. ஒடிந்த ஜட்கா வண்டி ஒன்றின் வில்பட்டைகள் நாற்காலியைத் தாங்குகின்றன, அவைதான் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். சக்கரம், பாதிரியார் ஒருவர் போட்டுவிட்டுப் போன சைக்கிளின் முன்சக்கரம், கம்பிகளை இரட்டிப்பாக்கினோம். நாற்காலி, நான் பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது பிள்ளைகள் கொடுத்தார்களே அந்தப் பிரம்பு நாற்காலி. கால்களை அறுக்கும்போது மட்டும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். மேலே பத்தமடைப் பாய் ஒரு துண்டு, வெயிலுக்குப் பிடிக்க ஜமீலா பீவி கொடுத்த கெட்டித் துணியில் ஒரு கூடாரம். உன் வண்டியின் கைப்பிடி குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு ஏற்பட்டது, எனக்கு முதுகு வளையாது, ஆகையால் நீளமாக்கிப் பின்னால் வளைத்தோம். இரண்டு ஆள் பாரத்தை இழுக்க வேண்டும் என்பதால் இன்ஜினில் தோல்வார் ஓடுகிற சின்னச் சக்கரத்தை இன்னும் சின்னதாக வார்க்கச் செய்தேன், முன்பு இன்ஜின் நாலரைச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும், இப்போது ஆறு சுற்றுக்கு ஒன்று. வேகம் குறையும், பலம் கூடும், எனக்கு அதுவே சம்மதம். வார் அறுந்தால் மாற்றுவதற்குச் செருப்புத் தைக்கிற சுடலையாண்டி எருமைத்தோலில் இன்னொன்று தைத்துக் கொடுத்திருக்கிறான்.

இதையெல்லாம் நான் ஒரே வீச்சில் செய்ததாக நினைக்காதே. ஒவ்வொரு துளைக்கும் மூன்று நாள் யோசித்தேன், நூல் பிடித்து அளந்து, மறுநாள் போய் மறுபடியும் அளந்தேன். பூதலிங்கம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அய்யா, நீங்க நூலும் கையுமா நிக்கதைப் பாத்தா, வண்டி செய்யுதமா ரவிக்கை தைக்குதமான்னு எனக்கே தெரியல” என்றான். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கொட்டகையில் சுத்தியல் அடிப்பது கேட்காமல் இருக்குமா. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாடு போடும்போது, “நீங்க என்ன செய்தீயன்னு நான் கேக்கவே இல்ல பாத்தீயளா. கேட்டா விட்டுருவீய” என்றாள். உண்மைதான், கேட்டிருந்தால் விட்டிருப்பேன்.

தெருவுக்கு எடுப்பதற்கு முன் லைசென்சுக்காகப் போலீஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே தலைமைக் குமாஸ்தா யார் என்று நினைக்கிறாய், உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த காந்திமதிநாதன். காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டப்போவது யார் என்று கேட்டான். நான்தான் என்றேன். “நீங்க சைக்கிள்லயே ஏறமாட்டியளே சார்” என்றான். பிறகு எழுந்து நின்று, எதிரே மாட்டுவண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான், நிறுத்திவிடுவேன் என்றேன். “பின்னால வந்தா?” என்றான். அப்போதும் நிறுத்திவிடுவேன் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தான், வாசல் வரைக்கும் கூட வந்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் நாற்காலி கட்டிய வண்டிக்கு ஒரு குணம் உண்டு, புத்தகத்திலும் சொல்லியிருக்கிறது. நாற்காலியில் தகுந்த பாரம் இல்லாமல் இடது பக்கம் திரும்பினால் நாற்காலிச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகையால் வில்பட்டையை எத்தனை அடுக்கு வைப்பது, நாற்காலியை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதெல்லாம் உட்காருகிறவரின் எடையைப் பொறுத்தது. அம்மாவை எப்படி நிறுப்பது? என் பழைய டைரிகளைத் தேடினேன். 1904-ஆம் வருஷம் தூத்துக்குடியில் பஞ்சு நிறுக்கிற தராசில் வேடிக்கையாக நாங்கள் இருவரும் ஏறி நின்றோம், நான் நூற்றுப் பதினாறு ராத்தல், அவள் நூற்று இருபத்தெட்டு. இதையெல்லாமா எழுதிவைப்பீர்கள் என்று அன்றைக்கு அவள் கோபித்துக்கொண்டாள். எழுதிவைத்தது நல்லதாயிற்று என்று சந்தோஷப்பட்டு, ஆற்றுமணலைச் சாக்கில் கட்டி நூற்று இருபத்தெட்டு ராத்தல் நிறுத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்தப் பாரத்துக்கு வில்பட்டை எந்த அளவு தாழ்கிறதோ அங்கே அரத்தால் ஒரு கோடு போட்டேன். மூன்று வாரம் அந்தச் சாக்கைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். இடது பக்கம், வலது பக்கம், எட்டுப் போலவும் சுற்றினேன். சக்கரம் ஒரு தடவைகூட எழும்பவில்லை. சாகிற வயதில் வாத்தியார் மணல்மூட்டைக்கு ஊர் காட்டுகிறார் என்று மைதானத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் பேசிக்கொண்டார்களாம், பூதலிங்கம் வந்து சொன்னான்.

ஈஸ்டர் காலையில் அம்மா உன் சம்பளத்தில் வாங்கின வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். சுவரைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, வாசற்படி இறங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பாயைத் தடவிப் பார்த்தாள், கூடாரத்தை அண்ணாந்து பார்த்தாள், பிரம்பைத் தடவி, “இது உங்க நாற்காலியில்லா” என்றாள். உன் வண்டி தள்ளிவிட்டால்தானே பிடிக்கும், பூதலிங்கமும் தெருவில் நின்ற இரண்டு பேரும் தள்ளினார்கள், மூன்றாவது தள்ளில் பிடித்துக்கொண்டது. நான் மைதானத்தில் ஓட்டினது போலவே, ஒரு ஆள் கூடவே நடந்து வரக்கூடிய வேகத்தில் ஓட்டினேன். வலியிருக்கிறதா என்று இருபது அடிக்கு ஒரு தரம் கேட்டேன். அவள் கூடாரத்தைப் பின்னால் தள்ளிவிடச் சொன்னாள், காற்று முகத்தில் படவேண்டுமாம். பிறகு, “இன்னுங் கொஞ்சம் வெரசாப் போனா என்ன? பின்னால கோழி முந்துது” என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் வேகத்தைக் கூட்டினேன். முருகன்குறிச்சி முனையில் இடது பக்கம் திரும்பினேன், மணல்மூட்டையோடு நூறு தடவை திரும்பின அதே அளவு வளைவுதான், நாற்காலிச் சக்கரம் ஒரு முழம் மேலே எழும்பிவிட்டது.

கர்த்தர் காத்தார். கைப்பிடியை நேரே திருப்பினேன், சக்கரம் தானாகக் கீழே வந்து உட்கார்ந்தது, வண்டி ஓரத்தில் நின்றது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள், திரும்பும்போது அது அப்படித்தான் எழும்பும் போலிருக்கிறது என்று நினைத்தாளாம். நான் கீழே இறங்கி வில்பட்டையைப் பார்த்தேன். நான் போட்ட கோட்டுக்கு அது எவ்வளவோ மேலே நின்றது. எங்கே தப்புச் செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை, மணலை நிறுத்தது தப்போ, கோடு போட்டது தப்போ, பட்டையின் அடுக்குத் தப்போ என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றேன். பின்னால் ஓடிவந்த பூதலிங்கம் குனிந்து கோட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், என்னை இரண்டு எட்டு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் பையச் சொன்னான். “அய்யா, உங்க கணக்குச் சரியாத்தான் இருக்கு. அம்மாதான் கொறஞ்சிட்டாவ.”

ரோடு செப்பனிடக் கொட்டிவைத்த கல் பக்கத்தில் இருந்தது. அவன் ஒவ்வொரு கல்லாக எடுத்து அவள் காலடியில் வைத்தான், நான் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பட்டை கோட்டுக்கு வந்ததும் போதும் என்றேன். எத்தனை கல் என்று நான் எண்ணவில்லை, என் வாழ்க்கையில் எண்ண வேண்டிய இடத்தில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வண்டி சாதுவாகப் போயிற்று. முதல் பாட்டு முடிகிற சமயத்தில் கோவிலுக்குள் போனோம். பெண்கள் பக்கத்துத் தூண் வரைக்கும் அவளே நடந்தாள், இரண்டாவது வரிசையில் அவள் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பதினாறு மாதமாக விட்டுவைத்திருந்தார்களாம். இரண்டாவது பாட்டில் அவள் குரல் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆராதனை முடிந்ததும் எல்லாப் பெண்களும் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள், ஒருத்தி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றாள்.

மறுநாள் அந்தக் கற்களைச் சாக்கில் போட்டுக் கடைக்குத் தூக்கிப்போனேன். கடை அண்ணாச்சி, “கல்லு வாங்க வந்தியளா, விக்க வந்தியளா?” என்று கேட்டார். நிறுத்துத் தரச் சொன்னேன். நாற்பத்தொரு ராத்தல். நூற்று இருபத்தெட்டில் நாற்பத்தொன்று போனால் எவ்வளவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தின எடை என்று எனக்குத் தெரியாமலா இருந்தது, வயதானால் கொஞ்சம் குறையும் என்று தெரியாமலா இருந்தது. தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். குழாயை, பிரம்பை, தோலை எல்லாம் அளந்தேன், அவளை மட்டும் டைரியில் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. “ரவிக்கையை மூணு தடவை பிடிச்சுத் தச்சாச்சு, ஜமீலாதான் தச்சுக் குடுத்தா. நீங்க கொட்டகையில சந்தோசமா இருந்தீய, அதான் சொல்லல” என்றாள். இடுப்பைப் பார்க்க வருகிற ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தை மாதத்திலேயே தெரியும், என்னிடம் சொல்லக்கூடாது என்று இவள் வாக்கு வாங்கியிருக்கிறாள்.

டாக்டரம்மாவை நான் போய்ப் பார்த்தேன். வயிற்றில் கட்டி, கத்தி வைக்கக்கூடிய இடத்தில் இல்லை, வலிக்கு மருந்து கொடுக்கலாம் என்றார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஐப்பசி மழை வரைக்கும் தைரியமாகச் சொல்லலாம், அதற்கு மேல் கர்த்தருக்குத்தான் தெரியும் என்றார்கள். மகனே, நான் எழுத வேண்டிய செய்தி இதுதான். எழுதிவிட்டேன்.

உனக்கு எழுதக்கூடாது என்பதற்கு அவள் சொல்லுகிற காரணம், உன் ஒப்பந்தம் டிசம்பரில்தான் முடிகிறது, நடுவில் வந்தால் வேலை உயர்வு போய்விடும், “அவன் டிசம்பர்ல வரட்டும், அதுவரைக்கும் நான் இருப்பேன்” என்பது. நானும் முதலில் சரி என்றுதான் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அவள் பேச்சை நான் மீறினதில்லை, மீறுவதற்கு அவசியமும் வந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் உட்கார்ந்த பிறகு நான் குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அது கோட்டிலேயே நின்றது, எனக்கு நம்பிக்கை வந்தது. நேற்று கோட்டுக்கு மேலே நின்றது. மூன்று ராத்தல் கல் கூட வைத்தேன். அவள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், எதற்கு என்று கேட்கவில்லை, கால்களை ஒதுக்கி இடம் விட்டாள். இன்று காலையில் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நான் செய்வது சரியா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. அவள் வாக்கை மீறினதற்கு அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ உன் கடிதத்தில் காட்டிக்கொள்ளாதே.

டாக்டரம்மா ஆங்கிலத்தில் எழுதின சர்டிபிகேட் இத்துடன் இருக்கிறது. அதை உன் துரையிடம் கொடுத்து லீவு கேள். பணிவாகக் கேள், ஆனால் என்னைப் போல இரண்டு தடவை அடித்து எழுதாதே, ஒரே தடவையில் கேட்டுவிடு. மறுத்தால் என்ன செய்வது என்று நான் யோசித்துப் பார்த்தேன், அதற்கு என்னிடம் விடையில்லை, நீ பெரியவன், உன் தீர்மானம். வேலை போனால் போகட்டும் என்று ஒரு தகப்பன் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அங்கே மழை துவங்குமுன் கப்பலேறப் பார், மேல்தளத்தில் பயணச்சீட்டு எடுத்தால் கம்பளி வைத்துக்கொள், தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. சென்னபட்டணத்தில் இறங்கினதும் ஒரு தந்தி அடி, எந்த ரயில் என்று மட்டும் சொன்னால் போதும்.

ரயிலுக்கு அம்மா வருவாள். இதை நான் யோசிக்காமல் எழுதவில்லை. வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி ஸ்டேஷன் வரைக்கும் போன வெள்ளிக்கிழமை நடந்து போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். போகும்போது இடது வளைவு நான்கு, அதில் ஒன்றுதான் கெட்ட வளைவு, அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பாலத்தின் மேல் ரோடு சமமாக இருக்கிறது, ஆறு இரண்டு பக்கமும் தெரியும், அவளுக்குப் பிடிக்கும். தூத்துக்குடியிலிருந்து வருவித்த பெட்ரோலில் ஒரு டின் தனியே எடுத்து, அதன் மேல் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதைத் தொடமாட்டேன். திரும்பும்போது நீ ஓட்டு, நான் பூதலிங்கத்தோடு நடந்து வருகிறேன். கைப்பிடி உன் உயரத்துக்குச் சரிவராது, பொறுத்துக்கொள். அவள் வெரசாப் போ என்பாள், நீ போகலாம், நான் பார்க்கப்போவதில்லை.

ஜமீலா பீவி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அம்மா இந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று இப்போது பின்கட்டிலிருந்து கேட்கிறாள், வண்டியைப் பற்றி என்று சொன்னேன், அது பொய்யில்லை. உன் போக்கும் வரவும் ஆசீர்வதிக்கப்படுவதாக, உன் கைவேலை வாய்ப்பதாக, உன்னைப் பெற்றவள் கண்ணாலே உன்னைக் காண்பாளாக.

ஒன்றை மறக்காதே. புறப்படுமுன் உன் பெட்டியை நிறுத்துப் பார். ஸ்டேஷனுக்குக் கல்லை வைத்து அழைத்து வருவேன், அங்கே கல்லை இறக்கிவிட்டு அவள் காலடியில் உன் பெட்டியை வைக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். நேற்றைய கணக்குக்கு நாற்பத்து நான்கு ராத்தல் வேண்டும். நீ வருவதற்குள் இன்னும் கொஞ்சம் கூடலாம், ஆகையால் இரண்டு புத்தகம் அதிகமாகவே வைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜேசுதாசன்.